உங்க சுண்டலைக் காப்பாத்துறது ஒரு குட்டிக் குளவி!

சாயங்காலம் ஒரு கிண்ணம் சுண்டல், ஜிம் போறவங்களுக்கு ஊறவெச்ச கொண்டைக்கடலை... அந்தக் கடலை உங்க தட்டுக்கு வர்றதுக்கு முன்னாடி வயல்ல பெரிய சண்டையே நடந்திருக்கும்!

வில்லன், பச்சைக் காய்ப்புழு. தாய் அந்துப்பூச்சி நூற்றுக்கணக்கில் முட்டையிடும். குட்டிப் புழு முதலில் இலையைச் சுரண்டும். காய் வந்ததும் ஓட்டை போட்டு, தலையை மட்டும் உள்ளே விட்டு, உடம்பை வெளியே வெச்சுக்கிட்டே பருப்பைத் தின்னும். ஒரே புழு 30, 40 காய்களைக் காலி பண்ணிடும்.

'மருந்தடிச்சா முடிஞ்சது'ன்னு நினைக்கிறீங்களா? இதே புழுதான் 1987-ல் ஆந்திரப் பருத்தி வயல்களில், அதுவரை பெரிதாக நம்பப்பட்ட பைரித்ராய்டு மருந்துகளையும் தாங்கிப் பிழைத்தது. மருந்தில் புழு தப்பிக்கலாம். அதைத் தின்னும் எதிரிகள் செத்துப்போகும். அப்புறம் புழு ராஜ்ஜியம்தான்!

சரி, அந்த எதிரிகள் யார்?

கேம்போலெடிஸ் குளவி: சின்னப் புழுவுக்குள் முட்டை வைக்கும். குளவிக் குஞ்சு உள்ளிருந்தே தின்று வளர்ந்து, வெளியே வந்து கூடு கட்டும். காய்க்குப் பெரிய சேதம் வரும் முன்னே புழு காலி.

கரும்பு வயலில் அட்டையில் கட்டிவிடும் டிரைக்கோகிரம்மா ஒட்டுண்ணி இங்கே அவ்வளவா எடுபடாது. காரணம், கொண்டைக்கடலைச் செடியின் ரோமங்களில் கசியும் புளிப்பு அமிலம்!

பறவைகள்: மைனா, இரட்டைவால் குருவிக்கு உட்கார இடம் கொடுத்தாலே போதும். ஹெக்டேருக்கு 50 பறவைத் தாங்கிகள் நடலாம்.

என்.பி.வி. வைரஸ்: தாக்கிய புழு செடி நுனிக்கு ஏறி, தலைகீழாகத் தொங்கிச் சாகும். வெயிலில் வீரியம் குறையும் என்பதால் மாலையில்தான் தெளிக்கணும்.

இதோடு ஹெக்டேருக்கு 12 இனக்கவர்ச்சிப் பொறிகள் வைத்தால், அந்துப்பூச்சி வரத்து முன்கூட்டியே தெரிந்துவிடும்.

உடுமலைப் பக்கம் கரிசல் காட்டில் பனியை நம்பிக் கடலை போடுறவங்க உங்க வீட்டிலும் இருக்கலாம். அடுத்த முறை போன் பண்ணும்போது கேளுங்க: "செடியில குட்டிக் கூடு தெரியுதாப்பா? நுனியில புழு தொங்குதா?" ரெண்டுக்கும் 'ஆமா'ன்னா, நண்பர்கள் வேலையில் இருக்காங்கன்னு அர்த்தம். மருந்துக் கடைக்குக் கிளம்புறதுக்கு முன்னாடி, உயிரோட எத்தனை புழு இருக்குன்னு ஒரு சுற்று எண்ணிப் பார்க்கச் சொல்லுங்க!