யூசர் பட்டியல் யார் கையில்?

முப்பது கம்ப்யூட்டர்கள் இருக்கும் ஓர் அலுவலகத்தை எடுத்துக்கொள்வோம். கணக்குப் பிரிவில் இருந்தவர் வேலையை விட்டுப் போகிறார். அவருடைய பெயரும் பாஸ்வேர்டும் ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் தனித்தனியாகப் பதிவாகியிருந்தால் முப்பது இடத்திலும் போய் நீக்க வேண்டும். ஒன்றை விட்டுவிட்டாலும் அங்கே பழைய பாஸ்வேர்டு வேலை செய்துகொண்டிருக்கும். அதனால்தான் யூசர் பட்டியலை ஒரே சர்வரில் வைக்கிறார்கள். யார் உள்ளே வரலாம், எந்த ஃபோல்டரைத் திறக்கலாம், எதில் எழுதலாம், எந்தப் பிரிண்டரில் அச்சடிக்கலாம் என்பதையெல்லாம் அந்த சர்வர் சொல்லும். மற்றவை கேட்டு நடக்கும்.

இந்த வேலையைச் செய்யும் திறந்த மூல மென்பொருள்களில் முதலில் சொல்ல வேண்டியது சாம்பா. விண்டோஸ் கம்ப்யூட்டர்களுக்கு லினக்ஸ் சர்வரிலிருந்து ஃபைல்களைப் பரிமாறும் அதன் அடிப்படை, 1990களின் தொடக்கத்திலேயே உருவாகிவிட்டது. ஆனால் இன்றைய விண்டோஸ் வலையமைப்பின் யூசர் பட்டியலை முழுமையாக ஏற்று நடத்த அதற்கு 2012 டிசம்பர் வரை ஆனது. ஃபைல் எளிதாக வந்தது, பட்டியல் ஏன் வரவில்லை என்பதைத்தான் இந்த வாரம் பார்க்கப்போகிறோம்.

ஆஸ்திரேலியாவின் கான்பெரா நகரில், தேசியப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவராக இருந்தவர் ஆண்ட்ரூ டிரிட்ஜெல். 1991 கடைசியில், தன் மேஜை மேல் இருந்த டாஸ் கம்ப்யூட்டரில் அவர் ஒரு மென்பொருளை ஓட்ட விரும்பினார். டிஜிட்டல் நிறுவனத்தின் பாத்வொர்க்ஸ் என்ற வலையமைப்பு முறை இருந்தால்தான் அது ஓடும். அவர் ஃபைல்களோ வேறொரு யூனிக்ஸ் கம்ப்யூட்டரில் இருந்தன. பாத்வொர்க்ஸ் சர்வர் போலவே பேசும் ஒரு நிரலைத் தானே எழுதிவிடலாம் என்று முடிவு செய்தார். அந்தப் பேச்சின் இலக்கணம் அவரிடம் இல்லை. எஸ்எம்பி என்ற பெயரில் ஐபிஎம்மில் பிறந்து மைக்ரோசாஃப்ட் வளர்த்த நெறிமுறை அது என்பதும் அப்போது அவருக்குத் தெரியாது. கம்பியில் போகும் தகவல் பொட்டலங்களைப் பிடித்துக்காட்டும் ஒரு சிறு கருவியை எழுதி, இரண்டு கம்ப்யூட்டர்கள் பேசுவதைப் பார்த்துப் பார்த்து எழுதினார். 1992 ஜனவரியில் முதல் வடிவம் வெளியானது. பிறகு ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் அதைத் தொடவே இல்லை. வீட்டில் மனைவியின் விண்டோஸ் கம்ப்யூட்டரைத் தன் லினக்ஸோடு இணைக்க நினைத்தபோதுதான், பழைய நிரல் விண்டோஸோடும் பேசும் என்பது தெரிந்தது.

தன் முறையை விளக்க டிரிட்ஜெல் பின்னாளில் ஒரு பிரெஞ்சு உணவகத்தைச் சொல்வார். பிரெஞ்சு மொழி தெரியாது, புத்தகமும் இல்லை. உணவகத்தில் ஒரு மேஜையில் உட்கார்ந்து, யார் என்ன கேட்டால் பரிமாறுபவர் எதைக் கொண்டுவருகிறார் என்று கவனிக்கிறீர்கள். கொஞ்சம் பிடிபட்டதும் நீங்களே கேட்டுப் பார்க்கிறீர்கள். அவர் முகம் சுளித்தால் அதிலிருந்தும் ஒன்று தெரிகிறது. சாம்பா குழு செய்ததும் இதுதான். சர்வருக்கு ஒவ்வொரு கட்டளை எண்ணாக அனுப்பினார்கள். ‘இப்படி ஒரு கட்டளையே இல்லை’ என்று பதில் வந்தால் அதை விட்டுவிட்டார்கள். வேறு விதமான பிழைச் செய்தி வந்தால் அந்த எண்ணுக்குப் பின்னால் ஏதோ இருக்கிறது என்று தோண்டினார்கள். மைக்ரோசாஃப்டின் நிரலில் ஒரு வரிகூடப் பார்க்காமல், வெளியிலிருந்தே அதன் நடத்தையைக் கற்றார்கள். இதை நேர்மையான, கடுமையான அறிவியல் வேலை என்றே சொல்வேன்.

மென்பொருளின் முந்தைய பெயர் ‘எஸ்எம்பி சர்வர்’. அந்தப் பெயர் எங்களுடைய வணிகச் சின்னம் என்று சின்டாக்ஸ் என்ற நிறுவனம் 1994இல் சொன்னது. எஸ், எம், பி எழுத்துகள் அதே வரிசையில் வரும் சொற்களை யூனிக்ஸ் கம்ப்யூட்டரின் அகராதியில் டிரிட்ஜெல் தேடினார். வந்த சில சொற்களில் சாம்பாவும் ஒன்று.

இனி பட்டியலுக்கு வருவோம். புதிதாக சாம்பா நிறுவுகிறவர்கள் தடுக்கி விழும் ஓர் இடம் உண்டு. லினக்ஸில் ஏற்கெனவே ஒருவருக்கு யூசர் கணக்கும் பாஸ்வேர்டும் இருக்கும். அதே பெயரில் விண்டோஸிலிருந்து சர்வர் பகிரும் ஃபோல்டரைத் திறந்தால் அனுமதி இல்லை என்று வரும். காரணம் இது. விண்டோஸ் பாஸ்வேர்டை அப்படியே சர்வருக்கு அனுப்புவதில்லை. சர்வர் ஓர் எண்ணைக் கொடுக்கும். அந்த எண்ணையும் பாஸ்வேர்டிலிருந்து பிழிந்தெடுத்த ஒரு மதிப்பையும் சேர்த்துக் கணக்கிட்ட விடையை விண்டோஸ் திருப்பி அனுப்பும். அதைச் சரிபார்க்க சர்வரிடமும் அதே முறையில் எடுத்த மதிப்பு இருக்க வேண்டும். லினக்ஸ் தன் பாஸ்வேர்டைச் சேமிக்கும் முறை வேறு. ஒன்றிலிருந்து மற்றொன்றைப் பெற வழி இல்லை. எனவே சாம்பாவுக்குத் தனிப் பாஸ்வேர்டு கோப்பு. ‘எஸ்எம்பிபாஸ்வேர்டு’ கட்டளையால் யூசரை அதில் ஒருமுறை சேர்த்தாக வேண்டும்.

விண்டோஸ் என்டி காலத்துப் பட்டியல் முறையை சாம்பா மெல்ல மெல்லப் பிடித்துவிட்டது. விண்டோஸ் 2000 வந்ததும் ஆட்டம் மாறியது. ஆக்டிவ் டைரக்டரி என்ற புதிய அமைப்பின் பெரும்பாலான உறுப்புகள் பொதுச்சொத்து. அடையாளத்தைச் சரிபார்க்கும் கெர்பரோஸ், எம்ஐடி பல்கலைக்கழகத்தில் பிறந்தது. பட்டியலைத் தேடும் எல்டாப், மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் வளர்ந்தது. ஆனால் கெர்பரோஸ் தரும் நுழைவுச்சீட்டுக்குள், இந்த யூசர் எந்தெந்தக் குழுவைச் சேர்ந்தவர் என்ற தகவலை மைக்ரோசாஃப்ட் தன் சொந்த வடிவத்தில் வைத்தது. அந்தத் தகவல் இல்லாத சீட்டு விண்டோஸ் உலகில் பாதிச் சீட்டுதான். 2000இல் அதன் விவரத்தை வெளியிட்டபோதும், இது வணிக ரகசியம் என்று ஒப்புக்கொண்டால்தான் படிக்க முடியும் என்று நிபந்தனை போட்டார்கள். திறந்த மூல நிரலாளர் ஒருவர் அதை எப்படிப் படிப்பார்? பொதுவில் கிடைத்த முறைகளை எடுத்து, தேவையான ஓர் இடத்தில் மட்டும் பூட்டுப் போட்ட இந்தச் செயலை என்னால் ஏற்க முடியவில்லை.

போட்டி நிறுவனமான சன் மைக்ரோசிஸ்டம்ஸ் 1998இலேயே மைக்ரோசாஃப்ட் மீது ஐரோப்பிய ஆணையத்திடம் புகார் கொடுத்திருந்தது. 2004 மார்ச் 24 அன்று ஆணையம் தீர்ப்பளித்தது. வழக்கின் ஒரு பாதி இந்தக் கட்டுரையின் பொருளேதான். அலுவலக சர்வரின் பணி என்று ஆணையம் வகுத்தது மூன்று: ஃபைல் பகிர்வு, பிரிண்டர் பகிர்வு, யூசர்களையும் குழுக்களையும் நிர்வகிப்பது. போட்டியாளர்களின் சர்வர்களும் விண்டோஸோடு ஒத்துழைக்கத் தேவையான விவரங்களைத் தர வேண்டும் என்று உத்தரவிட்டு, 49.7 கோடி யூரோ அபராதமும் விதித்தது. மைக்ரோசாஃப்ட் மேல்முறையீடு செய்தது. புகார் கொடுத்த சன்னும், ஆணையத்தின் பக்கம் நின்ற நாவெலும் அதே ஆண்டில் பெருந்தொகை பெற்றுச் சமரசம் செய்துகொண்டன. ஐரோப்பிய கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையும் சாம்பா குழுவும் விலகவில்லை. கையில் பணமும் பெரிய வழக்கறிஞர் படையும் இல்லாத இந்த நிரலாளர்கள் லக்சம்பர்க் நீதிமன்றத்தில், வெளியிட வேண்டியது நிரலை அல்ல, பேசும் முறையை மட்டும்தான் என்று விளக்கினார்கள். 2007 செப்டம்பர் 17 அன்று மேல்முறையீட்டின் முக்கியப் பகுதிகளை நீதிமன்றம் தள்ளுபடி செய்தது.

அந்த டிசம்பரில் மைக்ரோசாஃப்டோடு ஒப்பந்தம் ஒன்று உருவானது. ஒரே தவணையாக 10,000 யூரோ கட்டினால் ஆவணங்கள் கிடைக்கும். ஆவணத்தை ரகசியமாக வைத்திருக்க வேண்டும். அதைப் படித்து எழுதிய நிரலைத் திறந்த மூலமாக வெளியிடத் தடையில்லை. 2011இல் மைக்ரோசாஃப்டிலிருந்தே சாம்பாவுக்கு நிரல் பங்களிப்பு வந்தது. 2012 டிசம்பர் 11 அன்று சாம்பா 4.0 வெளியானது. இப்போது லினக்ஸ் சர்வர் ஒன்றே ஆக்டிவ் டைரக்டரி கட்டுப்பாட்டு மையமாக இருக்க முடியும். விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் வித்தியாசம் தெரியாமல் அதில் சேரும். விண்டோஸின் சொந்த நிர்வாகக் கருவிகளாலேயே அதை நிர்வகிக்கலாம்.

நம் முப்பது கம்ப்யூட்டர் அலுவலகத்தில் இதன் பயன் என்ன? ‘சாம்பா-டூல்’ என்ற ஒரே கட்டளையால் யூசரைச் சேர்க்கலாம், முடக்கலாம், குழுவில் போடலாம். வேலையை விட்டவரின் கணக்கை அன்று மாலையே ஓரிடத்தில் முடக்கினால் போதும். நீக்கிவிடாதீர்கள், அவருடைய ஃபைல்கள் யாருடையவை என்ற குழப்பம் பின்னால் வரும். ஃபோல்டர் அனுமதியைத் தனி ஆளுக்குக் கொடுக்காமல் எப்போதும் குழுவுக்கே கொடுங்கள். புதிதாக வருபவரைக் ‘கணக்கு’ குழுவில் சேர்த்ததும் எல்லாம் திறந்துவிடும். அமைப்புக் கோப்பைத் திருத்திய ஒவ்வொரு முறையும் ‘டெஸ்ட்பார்ம்’ ஓட்டிப் பாருங்கள், எழுத்துப்பிழையைக் காட்டிக்கொடுக்கும். எந்த ஃபைலை யார் திறந்து வைத்திருக்கிறார் என்று ‘எஸ்எம்பிஸ்டேட்டஸ்’ சொல்லும்.

பட்டியல் ஒரே இடத்தில் இருப்பதால் அந்த இடம் படுத்தால் அலுவலகமே படுத்துவிடும். இரண்டாவதாக ஒரு கட்டுப்பாட்டு மையமும் இருக்கட்டும். ஒன்றில் செய்த மாற்றத்தை மற்றொன்று தானாக வாங்கிக்கொள்ளும். இன்னொன்று: சர்வருக்கும் கம்ப்யூட்டர்களுக்கும் இடையே ஐந்து நிமிட நேர வித்தியாசத்தை மட்டுமே கெர்பரோஸ் வழக்கமாகப் பொறுத்துக்கொள்ளும். காலையில் யாருக்குமே லாகின் ஆகவில்லை என்று போன் வந்தால், முதலில் சர்வரின் கடிகாரத்தைப் பாருங்கள்.

(தொடரும்)