குழாயில் ஏன் உப்புக்கறை படிகிறது?

போர்வெல் தண்ணீர் புழங்கும் வீடுகளில் குளியலறைக் குழாயும் டைல்ஸும் சீக்கிரமே வெளுத்துப்போகும். ஏன்? பாறைகளைக் கடந்துவரும் நிலத்தடி நீரில் கால்சியம் பைகார்பனேட் கரைந்திருக்கிறது. சுவரில் தங்கிய துளி காயும்போது கார்பன் டை ஆக்சைடு வெளியேறுகிறது. தண்ணீரில் கரையாத கால்சியம் கார்பனேட் ஒட்டிக்கொள்கிறது. சுண்ணாம்புக்கல்லும் இதே பொருள்தான். சோப்போடு கால்சியம் சேர்ந்தால் பிசுக்கு. உப்புத் தண்ணீரில் நுரை எளிதில் வராததும் இதனால்தான்.

இந்தக் கறையைச் சோப்புத்தூள் போட்டுத் தேய்த்தால் கைவலிதான் மிச்சம். அமிலம் வேண்டும். எலுமிச்சைச் சாற்றிலோ வினிகரிலோ நனைத்த துணியைக் குழாயில் சற்று நேரம் சுற்றிவைத்தால் கறை இளகும். பிறகு நன்றாகக் கழுவிவிட வேண்டும். மார்பிள் தரையில் மட்டும் வேண்டாம், மார்பிளே கால்சியம் கார்பனேட்தான்! கடையில் விற்கும் ஆசிட், டைல்ஸ் இடுக்கிலுள்ள சிமென்டையும் அரித்துவிடும். அதைவிட ஆபத்து, எந்த அமிலத்தையும் பிளீச்சிங் பவுடரோடு கலப்பது. நுரையீரலைத் தாக்கும் குளோரின் வாயு கிளம்பும்.

கடைசியாகக் குளிப்பவர் வைப்பரால் சுவரையும் தரையையும் வழித்து, ஜன்னலைத் திறந்துவைத்தால் பாதி வேலை மிச்சம். காய்வதற்குத் துளி இராது. ஈரம் தேடும் கரும்பூஞ்சையும் மட்டுப்படும். வாளியையும் கவிழ்த்துவைக்கலாம்.