கணவனும் மனைவியும் உழைத்தால் வரிக் கணக்கு ஒன்றா, இரண்டா?

இன்று நம் தோட்டப்புறக் குடும்பங்களில் கணவனும் மனைவியும் வேலைக்குப் போவது சாதாரணம். கணவன் செம்பனை ஆலையில் இருப்பார். மனைவி பக்கத்துப் பட்டணத்தில் தொழிற்சாலைக்குப் போவார். இருவர் சம்பளத்திலும் மாதந்தோறும் ஊழியர் சேமநிதிக்குப் பணம் பிடிக்கிறார்கள். ஆனால், வருமான வரிப் பாரம் வந்ததும், "குடும்பம் ஒன்றுதானே, கணக்கும் ஒன்றாக இருக்கட்டும்" என்று கூட்டு மதிப்பீட்டில் அடையாளம் போட்டு விடுகிறோம். இது கைப்பணத்தை இழக்கும் வழி.

1991ஆம் ஆண்டு முதல் நம் நாட்டில் மனைவியின் வருமானம் தனியாகவே மதிக்கப்படுகிறது. தம்பதியர் விரும்பிக் கேட்டால்தான் இரண்டும் ஒன்றாகச் சேர்க்கப்படும்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். 2024ஆம் ஆண்டில் கணவனின் மாதச் சம்பளம் 3,000 வெள்ளி, மனைவிக்கு 2,000 வெள்ளி என்று வைத்துக்கொள்ளுங்கள். 11 விழுக்காடு சேமநிதிச் சந்தா, ஆண்டுக்கு அவருக்கு 3,960 வெள்ளி, இவருக்கு 2,640 வெள்ளி. சேமநிதிச் சந்தாவுக்கு வரிவிலக்கு 4,000 வெள்ளி வரை உண்டு. தனித்தனியாகக் காட்டினால் இருவர் சந்தாவும் முழுமையாகக் கழியும். சேர்த்துக் காட்டினால் இருவருக்கும் சேர்த்தே 4,000தான். மீதி 2,600 வெள்ளிக்கு விலக்கு இல்லை.

இனி வரியைப் பாருங்கள். மற்றச் சிறு விலக்குகளை விட்டு விடுவோம்.

தனித்தனியாக: ஒவ்வொருவருக்கும் 9,000 வெள்ளி சொந்த விலக்கு. கணவனுக்கு வரிக்குரிய வருமானம் 23,040 வெள்ளி, மனைவிக்கு 12,360. வரி முறையே 241 வெள்ளி 20 காசு, 73 வெள்ளி 60 காசு. வரிக்குரிய வருமானம் 35,000 வெள்ளியைத் தாண்டாதவருக்கு 400 வெள்ளி கழிவு உண்டு. ஆகவே இருவருக்கும் வரியே இல்லை.

சேர்த்து: மொத்தம் 60,000 வெள்ளி. சொந்த விலக்கு 9,000, துணைக்கு 4,000, சேமநிதிக்கு 4,000 போக மீதி 43,000. கழிவு கிடைக்காது. வரி 1,080 வெள்ளி!

பிள்ளைகளின் பள்ளிச் செலவுக்கு ஆகும் பணமல்லவா அது?

மனைவிக்கு வருமானமே இல்லை என்றால் கணவன் தம் பாரத்தில் துணைக்குரிய 4,000 வெள்ளி விலக்கைக் கேட்கலாம். அவருடைய வருமானம் மிகச் சொற்பமாக இருந்தால் கூட்டு மதிப்பீடு சில வேளை நன்மை தரும். இரண்டு வழியிலும் கணக்குப் போட்டுப் பார்த்த பிறகே முடிவு செய்யுங்கள்.

பாரம் அனுப்பும் கடைசி நாள் மறு ஆண்டு ஏப்ரல் 30. சம்பளத்திலேயே மாதவரி கூடுதலாகப் பிடித்திருந்தால், பாரம் அனுப்பினால்தான் அது திரும்பி வரும். முதலாளி தரும் இ.ஏ. பாரத்தையும் மருத்துவ ரசீதுகளையும் 7 ஆண்டுகளுக்குப் பத்திரமாக வைத்திருங்கள்.

சகோதரிகளே! சேமநிதியில் உங்கள் பெயரில் இருப்பது உங்கள் பணம். 2024 மே முதல் அது மூன்று கணக்குகளாகப் பிரிந்திருக்கிறது. சந்தாவில் 15 விழுக்காடு சேரும் செஜாத்ரா கணக்கிலிருந்து, வாரியம் குறித்துள்ள கடும் நோய்களின் சிகிச்சைக்குப் பணம் எடுக்கலாம். ஆண்டுக்கு ஒரு முறையாவது உங்கள் கணக்கு அறிக்கையை நீங்களே எடுத்துப் படியுங்கள். பாரத்தில் கையெழுத்துப் போடும் முன் அதில் எழுதியிருப்பதைக் கேட்டறியுங்கள்.