மூட்டுநோயுற்ற தாயும் அவள் குழந்தையும்

கொச்சியின் மட்டாஞ்சேரியில் குழாயில் நீர் வரும் விடியற்காலையே பல வீடுகளில் வேலை தொடங்கும் வேளையாகும். குடங்களை நிரப்புவது, கைக்குழந்தையைத் தொட்டிலிலிருந்து எடுப்பது, பள்ளி செல்லும் பெண்ணுக்குத் தலை பின்னுவது, சிறுவனின் சட்டைக்குப் பொத்தானிடுவது ஆகிய யாவும் ஒரு மணி நேரத்துக்குள் முடிய வேண்டும். விரல் மூட்டுக்களிலும் மணிக்கட்டிலும் நோயுள்ள தாய்க்கு நாளின் கொடிய நேரம் இதுவே. இரவெல்லாம் அசையாதிருந்த மூட்டுக்கள் இறுகியிருக்கும். அவை இளகுவதற்கு அரைமணியும் ஆகலாம், இரண்டு மணியும் ஆகலாம். குழந்தையின் பசி அதுவரை காத்திராது. பத்து மணிக்கு அவ்வீட்டுக்குச் செல்லும் சுகாதார ஊழியர், அவள் நன்றாக நடமாடுவதையே காண்பார். 'வலிக்கிறது' என்று அவள் சொல்வதை அயலார் நம்பாததற்கும் இதுவே காரணம்.

மூட்டுநோய் முதியோருக்கே உரியது எனப் பலர் கருதுவர். சிக்குன்குனியாச் சுரம் அக்கருத்தைப் பொய்ப்பித்தது. கிழக்கு ஆப்பிரிக்காவின் மகொண்டே மொழியில் வளைந்து போவதைக் குறிக்கும் சொல்லிலிருந்து அதன் பெயர் வந்தது. 1952-ல் அங்கு நோயுற்றோர் மூட்டு வலியால் குனிந்தே நடந்தனர். இந்தியாவுக்கும் அது புதியதன்று. 1963-ல் கல்கத்தாவிலும் 1964-ல் சென்னையிலும் பரவிய அந்நோய், 1973-ல் மகாராஷ்டிரத்தின் பார்சியில் தோன்றியபின் முப்பதாண்டுகளுக்கு மேல் பெரிதாகத் தலைகாட்டவில்லை. 2005-ன் இறுதியில் மீண்டு, 2006-ல் நாடெங்கும் சுமார் 13.9 லட்சம் பேரைப் பீடித்ததாகக் கணக்கிடப்பட்டது. அவ்வாண்டு கொச்சிக்குத் தெற்கேயுள்ள ஆலப்புழை மாவட்டம் பெரிதும் துன்புற்றது. 2007-ல் கேரளத்தின் வேறு மாவட்டங்களிலும் நோய் பரவியது. அப்போது கேரளத்தில் பிரித்தெடுக்கப்பட்ட வைரஸின் மேலுறைப் புரதத்தில் ஒரு சிறு மாற்றம் காணப்பட்டது. தோட்டங்களிலும் வீட்டுப் புறங்களிலும் வாழும் ஏடிஸ் ஆல்போபிக்டஸ் கொசுவில் அவ்வைரஸ் எளிதில் பெருக அம்மாற்றம் துணைசெய்தது.

இச்சுரம் பெரும்பாலும் ஒரு வாரத்தில் தணியும். மூட்டு வலியோ சிலருக்கு மாதக்கணக்கிலும் சிலருக்கு ஆண்டுக்கணக்கிலும் நீடிக்கும். மூன்று மாதத்துக்கு மேற்பட்டால் அதனை நாட்பட்ட நோய் என்பர். ஆண்களைவிடப் பெண்களே இதில் மிகுதியாகச் சிக்குகின்றனர்.

நீடித்த வலி யாவும் சுரத்தின் விளைவல்ல. முடக்குவாதம் என வழங்கும் ருமட்டாய்டு ஆர்த்ரைடிஸ் நோயும் ஆண்களைவிடப் பெண்களை இரண்டு மூன்று மடங்கு மிகுதியாகத் தாக்குவது. பிள்ளை பெறும் வயதிலேயே தொடங்கக் கூடியது. கர்ப்ப காலத்தில் இந்நோய் பெரும்பாலும் தணிவதை அமெரிக்க வைத்தியர் பிலிப் ஹென்ச் 1930-களில் விவரித்தார். அதற்குக் காரணமான பொருள் யாது என்ற தேட்டமும் கார்ட்டிஸோன் சிகிச்சைக்கு வழிகோலியது. 1950-ல் கெண்டால், ரைக்ஸ்டைன் ஆகியோருடன் அவர் நோபல் பரிசு பெற்றார். ஆனால் பிரசவமான சில மாதங்களில் பலருக்கு நோய் மீண்டும் மூளுகிறது. குழந்தை கனக்கத் தொடங்கும் மாதங்களிலேயே தாயின் மணிக்கட்டு வலுவிழக்கிறது என்பது இதன் பொருள். இரு கைகளின் சிறு மூட்டுக்களும் ஒருசேர வீங்கி, காலை இறுக்கம் ஆறு வாரத்துக்கு மேல் நீடித்தால் வைத்தியரிடம் அனுப்பத் தாமதித்தலாகாது. தொடக்கத்திலேயே சிகிச்சை பெற்றால் மூட்டுக்கள் கோணாமல் காக்கலாம். பெருவிரல் அடியில் மட்டும் வலி இருந்தால், குழந்தையை ஓயாமல் தூக்கியதால் அங்குள்ள தசைநாணின் உறை தடித்திருக்கக் கூடும். அது வேறு நோய், பெரும்பாலும் ஓய்வில் தீரும்.

மருந்தைப் பற்றிய அச்சமே ஊழியர் முதலில் போக்க வேண்டியது. பால் கெட்டுவிடும் என அஞ்சி மருந்தையோ பாலூட்டுவதையோ தாமாகவே நிறுத்துவோர் உண்டு. சிக்குன்குனியாவின் பொருட்டுத் தாய்ப்பாலை நிறுத்த வேண்டியதில்லை. ஆபத்து பிரசவ வேளையில்தான்: 2005-06-ல் ரீயூனியன் தீவில், இரத்தத்தில் வைரஸுடன் பிரசவித்த தாய்மாரின் சிசுக்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு நோய் தொற்றியது. ஆகவே நிறைமாதக் கர்ப்பிணிக்குச் சுரம் கண்டால் உடனே மருத்துவமனை சேர்த்தல் வேண்டும். முடக்குவாதத்துக்குத் தரப்படும் ஹைட்ராக்ஸிகுளோரோகுயின், ஸல்பஸலஸைன் ஆகியவற்றைக் கர்ப்பத்திலும் பாலூட்டும் காலத்திலும் வைத்தியர் மேற்பார்வையில் கொள்ளலாம். மெதொட்ரெக்ஸேட் இரண்டு காலத்துக்கும் ஆகாது. மற்றக் காலங்களிலும் அது வாரத்துக்கு ஒரு நாளே உட்கொள்ளத்தக்கது. நாள்தோறும் உட்கொண்டால் உயிருக்கே ஆபத்து. சீட்டின்றிக் கடையில் வாங்கும் ஸ்டீராய்டு மாத்திரை இரண்டு நாளில் வலியை மறைப்பது உண்மையே. நெடுநாள் உட்கொண்டால் எலும்பு நொய்ந்து, இரத்தத்தில் சர்க்கரையும் ஏறும்.

குழந்தையைக் கையாளும் முறையிலும் சிறு மாற்றங்கள் பெரும் உதவியாகும். விரல்நுனிகளால் பற்றாமல், முன்னங்கைகள் இரண்டையும் குழந்தைக்கு அடியில் கொடுத்து மார்போடு அணைத்து எடுத்தல் நன்று. கால்களை நீட்டி அமர்ந்து அவற்றின்மேல் குழந்தையைக் கிடத்திக் குளிப்பாட்டும் பழக்கம் அழகியதே. ஆனால் தரையிலிருந்து எழ முழங்கால் இடந்தராதவளுக்கு அது தண்டனை. உறுதியான மேசைமேல் தொட்டியை வைத்து, துணைக்கு ஒருவர் நிற்கக் குளிப்பாட்டலாம். பாலூட்டுகையில் மடியில் தலையணை இருந்தால் மணிக்கட்டு பாரம் தாங்காது. நடக்கத் தெரிந்த பிள்ளை சிறு பலகையில் ஏறித் தானே மடிக்கு வரட்டும். துணி பிழிவது விரல்களுக்கு மிகவும் கேடு. அண்டையிலுள்ள கோட்டைக் கொச்சியின் சலவைக்கூடத்தில் கையாலேயே துவைத்துவரும் தமிழ்க் குடும்பத்தினர்க்கு இதை விளக்க வேண்டுவதில்லை. ஈரத்துணியைப் பிழியாமல் கொடியிலிட்டு வடியவிடலாம். பிழிந்தே ஆகவேண்டுமாயின் கணவன் பிழியலாம்.

குழாய் நீர் ஒழுங்காக வராத பகுதிகளில் பீப்பாயில் நீர் தேக்குவதைக் குறைகூறிப் பயனில்லை. ஏடிஸ் முட்டை நீரிலிட்டபின் கொசுவாக ஏழெட்டு நாளே போதும். உலர்ந்த முட்டையோ பல மாதம் உயிரோடிருக்கும். எனவே பீப்பாயை வாரம் ஒருமுறை காலிசெய்து உட்புறத்தைத் தேய்த்துக் கழுவி மூட வேண்டும். இந்தத் தேய்ப்பு வேலையையும் நோயுற்ற தாயிடமே விடுவது முறையன்று. ஊழியர் பீப்பாயைப் பார்க்கும்போதே அதைத் தேய்க்கும் கைகளையும் பார்ப்பது தகும்.

ஆசிரியருக்கு இதில் வேறொரு பங்கு உண்டு. தலை பின்னாமல் தாமதமாக வரும் பெண்ணையும், பொத்தான் இடாத சிறுவனையும் காணும்போது வீட்டார் அக்கறையற்றவர் என முடிவுசெய்வது எளிது. தாயின் வலி முற்றும் நாட்களில் தண்ணீர் பிடிப்பதும் தம்பியைத் தூக்குவதும் மூத்த பெண்ணின் தலையில் விழுகின்றன; முதலில் முதற்பாடம் தவறும், பின்னர் வாரத்தில் ஒரு நாள் தவறும். வருகைப் பதிவேட்டில் இவ்வாறான தொடர்ச்சியைக் கண்டால், அப்பெண்ணை வகுப்பில் நிறுத்திக் கேளாமல், தாயிடம் காலையில் எத்தனை மணிக்குக் கை மடங்குகிறது என்று விசாரித்து, அவ்விடையைச் சுகாதார ஊழியருக்குத் தெரிவிக்கலாம்.