எண்ணெய் வழியும் முகம்: காசைக் கரைக்காமல் கவனிப்பது எப்படி?



குழுக் கூட்டத்தில் சேமிப்பு, கடன் வரவு எல்லாம் எழுதி முடித்த பிறகு அடிக்கடி ஒரு கேள்வி வருகிறது. "மேடம், எனக்கு வயசு முப்பத்தஞ்சு ஆகுது. இன்னும் மூஞ்சியில எண்ணெய் வழியுது, பரு வருது. என்ன பூசலாம்?" சிரித்துக்கொண்டேதான் கேட்பார்கள். ஆனால் கேட்டவர் பையில் இரண்டு மூன்று கிரீம் டியூப் இருக்கும். அதனால் இது அழகு பற்றிய பேச்சு மட்டும் இல்லை. நம் பணமும் உடல்நலமும் இதில் இருக்கின்றன. விவரமாகப் பார்ப்போம்.

எண்ணெய் ஏன் வடிகிறது?

நம் தோலுக்குள் சின்னச் சின்ன எண்ணெய்ச் சுரப்பிகள் இருக்கின்றன. நெற்றி, மூக்கு, தாடை ஆகிய இடங்களில் அவை அதிகம். தோல் காய்ந்து வெடிக்காமல் காப்பது இந்த எண்ணெய்தான். எனவே எண்ணெய் என்றால் அழுக்கு என்று நினைக்க வேண்டாம்.

சிலருக்கு இது கூடுதலாகச் சுரக்கும். அம்மாவுக்கோ அப்பாவுக்கோ அப்படி இருந்தால் பிள்ளைகளுக்கும் வரலாம். உடம்பில் சுரக்கும் ஹார்மோனும் காரணம். மாதவிலக்குக்கு ஒரு வாரம் முன்பு பரு வருவது இதனால்தான். எண்ணெயும் இறந்த தோலும் சேர்ந்து துவாரத்தை அடைத்து, அங்கே கிருமி பெருகினால் பரு. "பரு வயசுப் பொண்ணுங்களுக்குத்தான்" என்பது சரியில்லை. முப்பது, நாற்பது வயதிலும் பல பெண்களுக்கு வருகிறது.

நம் காஞ்சிபுரத்தில் இதோடு வேலையும் சேர்கிறது. குழித்தறியில் மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்போம். பல வீடுகளில் தறி இருக்கிற அறையில் காற்றோட்டம் குறைவு. வேர்வை வழியும். கைக்குக் கிடைத்த துணியால் முகத்தை அழுத்தித் துடைப்போம். பட்டில் எண்ணெய்க் கறை விழுந்தால் என்ன தொல்லை என்று நான் சொல்ல வேண்டியதே இல்லை.

வீட்டிலேயே செய்ய வேண்டியவை

1. காலை ஒரு முறை, வேலை முடிந்து மாலை ஒரு முறை, சாதாரண குளியல் சோப்பால் முகம் கழுவினால் போதும். நடுவில் வேர்த்தால் வெறும் தண்ணீர் போதும். ஐந்தாறு முறை சோப்புப் போட்டால் எண்ணெய் நிற்காது. தோல் காய்ந்து எரியும், செதில் உதிரும். துணி சோப்பு முகத்துக்கு வேண்டவே வேண்டாம்.

2. சோப்பு ஒத்துக்கொள்ளாதவர்கள் பயத்தம்பருப்பு மாவு பயன்படுத்தலாம். நைசாக அரைத்துச் சலித்துக்கொள்ளுங்கள். தண்ணீரில் குழைத்து மெதுவாகத் தடவிக் கழுவுங்கள், பரபரவென்று தேய்க்க வேண்டாம். மாவு எண்ணெயை எடுக்கும், அவ்வளவுதான். பருவைக் குணப்படுத்தும் மருந்து அது இல்லை.

3. தறிப் பக்கத்தில் முகத்துக்கென்று ஒரு சுத்தமான பருத்தித் துணி வைத்துக்கொள்ளுங்கள். துடைக்காமல் ஒற்றி எடுங்கள். தினமும் துவைத்து வெயிலில் காயப் போடுங்கள்.

4. தலைக்கு எண்ணெய் நிறைய வைத்தால் வேர்வையோடு நெற்றிக்கு இறங்கும். நெற்றி ஓரத்தில் பொடிப்பொடியாகப் பரு வருவதற்கு இதுவும் ஒரு காரணம். எண்ணெயைக் குறைத்துத் தேய்த்து, முடியை இழுத்துக் கட்டுங்கள். தேங்காய் எண்ணெயை முகத்தில் பூச வேண்டாம். தலையணை உறையை வாரம் ஒரு முறை துவைத்துவிடுங்கள்.

5. பருவைக் கிள்ளாதீர்கள். கிள்ளினால் சீழ் உள்ளே பரவும். கரும்புள்ளி மாதக்கணக்கில் நிற்கும், சிலருக்குக் குழியும் விழும். வெயிலில் போகும்போது குடை பிடித்தால் அந்தப் புள்ளி மேலும் கறுக்காமல் இருக்கும்.

எலுமிச்சைச் சாறு, பல் விளக்கும் பேஸ்ட், சமையல் சோடா இவற்றைப் பூசச் சொல்வார்கள். மூன்றும் தோலைப் புண்ணாக்கும். எலுமிச்சை பூசிக்கொண்டு வெயிலில் போனால் கொப்புளம் வந்து கறுத்துப்போவதும் உண்டு.

இவ்வளவு செய்தும் பரு நிற்கவில்லையா? 'பென்சாயில் பெராக்சைடு' என்ற மருந்து இருக்கிறது. மருத்துவரிடம் கேட்டு 2.5 சதவீத அளவில் வாங்கி, ஒரு நாள் விட்டு ஒரு நாள் இரவில் மெல்லியதாகப் பூசத் தொடங்கலாம். பலன் தெரிய 6 முதல் 8 வாரம் ஆகும், பொறுமை வேண்டும். தறிக்காரர்கள் ஒன்றை முக்கியமாகக் கவனிக்கணும்: இந்த மருந்து துணியில் பட்டால் சாயம் வெளுத்துவிடும். பட்டு நூலைத் தொடும் முன் கையையும் முகத்தையும் நன்றாகக் கழுவிவிடுங்கள்.

"ஒரே வாரத்தில் பளிச்" கிரீம்கள்

நமக்குப் பெரிய நஷ்டம் வருவது இங்கேதான். நம் உறுப்பினர் ஒருவர், பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார் என்று ஒரு கடையில் டியூப் வாங்கிப் பூசினார். ஒரு வாரத்தில் பரு அடங்கி முகம் பளிச்சென்று ஆனது. ஆறு மாதத்தில் கன்னம் சிவந்து, வெயிலில் நின்றாலே எரிந்தது. நிறுத்தினால் முன்பைவிட அதிகமாகப் பரு வந்தது. பயந்து மறுபடியும் அதையே பூசினார்.

அந்த டியூபில் இருந்தது ஸ்டீராய்டு. சில தோல் நோய்களுக்கு மருத்துவர் சில நாளைக்கு மட்டும் எழுதித் தருகிற மருந்து அது. முகத்தில் மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலிந்துபோகும், சிவப்பு நரம்பு தெரியும், முகத்தில் முடி வளரும், பரு கூடும். நாடு முழுவதும் இப்படிப் பலர் பாதிக்கப்பட்டதால், தோல் மருத்துவர்கள் தொடர்ந்து குரல் கொடுத்தார்கள். 2018 மார்ச்சில் மத்திய அரசு, பூசுகிற ஸ்டீராய்டு மருந்துகள் 14-ஐ மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று ஆணை போட்டது. ஆணை இருந்தாலும், சீட்டு கேட்காமல் கொடுக்கிற கடைகள் இன்னும் இருக்கின்றன.

டியூபில் பீட்டாமெத்தசோன், க்ளோபெட்டசால், மொமெட்டசோன், ஃப்ளூசினோலோன் என்ற பெயர்களில் ஒன்று இருந்தால் அது ஸ்டீராய்டு. எழுத்து ஆங்கிலத்தில் பொடியாக இருக்கும். பள்ளிக்கூடம் போகிற பிள்ளையிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். ஏற்கெனவே பல மாதமாகப் பூசி வருகிறவர்கள் சட்டென்று நிறுத்த வேண்டாம். டியூபை எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். எப்படிக் குறைப்பது என்று அவர் சொல்வார்.

இன்னொரு வகை, "சிவப்பழகு" தருவதாகச் சொல்லும் கிரீம்கள். கேரளாவில் மலப்புரம் மாவட்டம் கோட்டக்கல்லில் மருத்துவர்கள், 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை ஒரு குறிப்பிட்ட சிறுநீரக நோயோடு வந்த 22 பேரை ஆராய்ந்தார்கள். அதில் 15 பேருக்கு வழக்கமாக அரிதாக வரும் ஒரு வகை இருந்தது. அந்த 15 பேரில் 13 பேர் சிவப்பழகு கிரீம் பூசியவர்கள். அப்படிப்பட்ட கிரீம்களில் பாதரசம் இருந்ததே காரணமாகத் தெரிய வந்தது. பாதரசம் தோல் வழியாக உள்ளே போய்ச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். தயாரிப்பாளர் முகவரி, தயாரித்த தேதி, காலாவதி தேதி இல்லாத டப்பா எதையும் வாங்காதீர்கள். கிரீம் பூசுகிறவருக்குக் கால், முகம் வீங்கினாலோ சிறுநீர் நுரைத்துப் போனாலோ தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போகணும்.

ஒன்றை மனதில் வையுங்கள். எண்ணெய்ப் பசை வேறு, நிறம் வேறு. கறுப்பாக இருப்பது நோய் இல்லை. அதற்கு மருந்தும் தேவை இல்லை.

மருத்துவரிடம் எப்போது போவது?

* மாதவிலக்கு தள்ளித் தள்ளி வந்து, தாடையில் முடியும் பருவும் சேர்ந்து வந்தால். இது சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினையாக இருக்கலாம்.
* பரு பெரிய கட்டியாக வலித்தால், தழும்பு விழுந்தால்.
* கர்ப்பமாக இருக்கிறவர்களும், கர்ப்பத்துக்குத் திட்டமிடுகிறவர்களும் தாங்களாக எந்தப் பரு மருந்தும் எடுக்கக் கூடாது. பருவுக்குத் தரப்படும் ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை வயிற்றில் உள்ள குழந்தையைப் பாதிக்கும்.

முதலில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள். தேவைப்பட்டால் அரசு தலைமை மருத்துவமனைக்கு எழுதித் தருவார்கள். அரசு மருத்துவமனையில் மருந்தும் இலவசம்.

கொஞ்சம் கணக்குப் பார்ப்போம்

மாதம் 150 ரூபாய் கிரீமுக்குப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு 1,800 ரூபாய். பத்து பேர் உள்ள குழுவில் 18,000 ரூபாய். ஒரு உறுப்பினருக்கு உள்கடன் கொடுக்கிற தொகை இது! குளியல் சோப்பும் ஒரு முழம் பருத்தித் துணியும் வீட்டில் ஏற்கெனவே இருக்கின்றன.

அடுத்த குழுக் கூட்டத்தில் பேச

1. வீட்டில் இருக்கும் கிரீம் டியூபுகளை எல்லோரும் கொண்டு வாருங்கள். படிக்கத் தெரிந்த உறுப்பினர் ஒருவர் பெயர்களை வாசிக்கட்டும். மேலே சொன்ன பெயர் எதில் இருக்கிறது?
2. சீட்டு இல்லாமல் மருந்து வாங்கிய அனுபவம் யாருக்கு உண்டு? யார் சொல்லி வாங்கினீர்கள்?
3. நம் வீட்டு வயசுப் பெண்களிடம் நிறத்தைப் பற்றி நாம் எப்படிப் பேசுகிறோம்?

பேசியதைத் தீர்மான நோட்டில் இரண்டு வரி எழுதி வையுங்கள். ஸ்டீராய்டு பூசி வருகிற சகோதரி யாராவது இருந்தால், தனியாக அனுப்பாமல் குழுவில் ஒருவர் துணைக்கு மருத்துவமனைக்குப் போய் வாருங்கள்.