நறுக்கப்பட்ட பச்சைக் கம்பி

மாவு வழித்த ஈரக்கையோடு கிரைண்டரின் பாத்திரத்தைத் தொட்டால் விரல் நுனியில் ‘சுர்’ரென்று ஏறும் அதிர்வை, பழைய யந்திரமென்றால் அப்படித்தான் இருக்கும் என்று எண்ணி, வீட்டார் மூன்று மாத காலமாகச் சகித்து வந்திருக்கிறார்கள் என்பதைத் தற்செயலாக அறிந்த அன்று, என் உள்ளம் நடுங்கிவிட்டது.

டெஸ்டரை வைத்துப் பார்த்தால் விளக்கு எரியத்தான் செய்தது. ஆயினும், கசிவு ஏதுமின்றி, அருகில் ஓடும் மின்சாரத்தின் தூண்டுதலாலேயே அது மினுங்குவதும் உண்டாகையால், அதை மட்டும் நம்பி முடிவு கட்டுவது விவேகமன்று. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மல்டிமீட்டரின் ஒரு முனையைத் தடித்த எர்த் பின்னிலும் மறு முனையை யந்திரத்தின் உலோக உடலிலும் வைத்தேன். பூஜ்யத்தை ஒட்டிய எண்ணைக் காட்டி ஒலியெழுப்ப வேண்டிய மீட்டர் மௌனமாக இருந்தது. பிளக்கைக் கழற்றினால், எர்த்துக்கான பச்சைக் கம்பி நறுக்கப்பட்டு, அதன் நுனியில் கறுப்பு டேப் வெகு நேர்த்தியாகச் சுற்றப்பட்டிருந்தது!

கிரைண்டரைப் போட்டவுடன் ஈ.எல்.சி.பி. டிரிப் ஆகி வீடே இருண்டுவிடுகிறது என்று சொல்லி அழைத்த மெக்கானிக் ஒருவர் செய்த சிகிச்சை அது. ஃபேஸில் போகும் மின்சாரமும் நியூட்ரலில் திரும்பும் மின்சாரமும் சமமாக இருக்கின்றனவா என்று இடைவிடாது ஒப்பிட்டு, 30 மில்லிஆம்பியர் வித்தியாசம் கண்டாலே இணைப்பைத் துண்டிக்கும் அந்தக் காவலாளி, எர்த் வழியே கசிந்ததைக் கண்டுதான் எச்சரித்திருக்கிறது. எர்த்தை அறுத்த பின்னும் கசிவு அப்படியேதான் இருந்தது. இறங்கிப் போக வழியின்றி உலோகத்தில் காத்திருந்த மின்சாரத்துக்கு, தொடுகிறவரின் தேகமே பாதையாயிற்று. காலில் செருப்பு இருந்ததால் அது வெறும் சுரீரென்ற அளவில் நின்றது. வெறுங்காலும் நனைந்த தரையும் சேர்ந்திருந்தால் என்ன நேர்ந்திருக்கும் என்று நினைக்கவும் மனம் கூசுகிறது.

கசிவின் மூலத்தைக் காண, மின்காப்பைச் சோதிக்கும் 500 வோல்ட் மெக்கரோடு ஓர் எலெக்ட்ரீஷியன் வந்தார். முழு யந்திரத்தையும் சோதித்தபோது, காப்பு கெட்டுவிட்டதென்பதற்கு அடையாளமாக, முள் பூஜ்யத்தை ஒட்டிப் படுத்துவிட்டது. மோட்டாரைப் பிரித்துச் சோதித்தார். காயில் பழுதின்றி இருந்தது. கெபாசிட்டரும் அவ்விதமே. எஞ்சியது ஒயர். அது உடலுக்குள் நுழையும் துவாரத்தில் இருக்க வேண்டிய ரப்பர் புஷ் எப்போதோ விழுந்துபோக, ஓட்டத்தின் அதிர்வில் தகட்டின் விளிம்பு ஒயரின் உறையைச் சிறுகச் சிறுக அறுத்திருந்தது. உள்ளே மயிரிழை போன்ற செம்பு தெரிந்தது. அதன்மேல் வழிந்து படிந்திருந்த ஈர உளுந்துமாவு தகட்டுக்கும் செம்புக்கும் பாலமாயிருந்தது.

புது ஒயரும் புது புஷ்ஷும் போட்டு, பச்சைக் கம்பியை எர்த் பின்னில் முறுக்கிய பின், கிரைண்டர் ஓடியது, ஈ.எல்.சி.பி. அசையவில்லை. வாசகர்களை நான் வேண்டிக்கொள்வது இதுதான்: டிரிப் ஆகிறது என்று மெக்கானிக்கை அழைக்கும்போது, டிரிப் ஆகாமல் செய்து கொடுங்கள் என்று கேட்காதீர்கள், ஏன் டிரிப் ஆகிறது என்று கண்டுபிடித்துச் சொல்லுங்கள் என்று கேளுங்கள்.