தீர்க்கதரிசனமும் மலையகத்தின் சமாதானமும்

விவிலியத் தீர்க்கதரிசனத்தை வருங்காலம் உரைத்தலென்றே பலர் கருதுவர். எனினும் தம் காலத்து அநீதியைக் கடிந்து, நலிந்தோர்க்கு நம்பிக்கை ஊட்டுவதே தீர்க்கதரிசிகளின் தலையாய பணியாயிருந்தது.

பாபிலோனுக்குச் சிறையாகக் கொண்டுசெல்லப்பட்ட யூதருக்கு எரேமியா விடுத்த கடிதம், வீடு கட்டவும் தோட்டம் நாட்டவும் வாழும் நகரின் சமாதானத்தை நாடவும் பணிக்கிறது. சமாதானத்தைக் குறிக்கும் 'ஷாலோம்' என்ற எபிரேயச் சொல் மனவமைதியோடு வாழ்வின் முழுமையையும் சுட்டும். ஏசாயா நூலின் 65ஆம் அதிகாரம் காட்டும் மகிழ்ச்சியும் கட்டியவரே குடியிருக்கும் வீடு, நட்டவரே உண்ணும் கனி என்பனவே.

பட்டிப்பொல, ஹட்டன் பகுதிகளின் தோட்டங்களில் வாழும் கிறிஸ்தவர் இவ்வாசகங்களில் தம் வாழ்வையே கேட்கின்றனர் எனலாம். தோட்டத்தை நாட்டியோர் அவர்தம் முன்னோர், நிலமோ பிறருடையது. 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் மலையக மக்களுள் பெரும்பாலோரை நாடற்றோராக்கியது. 1964ஆம் ஆண்டு ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப வகைசெய்தது. 2003ஆம் ஆண்டுச் சட்டம் எஞ்சியோர்க்குப் பிரசாவுரிமை வழங்கியது. ஆயின் லயன் அறைகளில் வாழும் பலருக்குச் சொந்தக் காணி இன்னும் இல்லை.

தீர்க்கதரிசனம் தரும் ஆறுதலை வெறும் மயக்கமென ஒதுக்குதல் பொருந்தாது. 1972இல் கண்டியில் 'சத்தியோதய' நிலையத்தை நிறுவிய அருட்தந்தை போல் கஸ்பர்ஸ், அந்நம்பிக்கையை மலையக மக்களின் உரிமைப் பணியோடு இணைத்தார். காணியும் வீடும் கேட்பதும் அச்சமாதானத்தின் பகுதியே என்பது எமது துணிபு.